ஓடுகிற மெஷினைத் தொடாதே என்றவனுக்கு

என் பிடிவாதக்கார மச்சான் நிஸ்தாருக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். பேனையை எடுத்து அதையே எழுதியும் விட்டேன். பிறகு வெட்டினேன். பார்த்தாயா, நீ போய் மாதங்கள் ஆகிவிட்டன, என் கைக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

அன்று நான் கொழும்பில் ஒரு கம்பியூட்டர் கடையில் நின்றேன். நம் ரெக்கோர்டிங் ஸ்டூடியோக் கம்பியூட்டருக்குப் போட வேண்டிய புது சிஸ்டத்தின் சீடியை வாங்கி அப்போதுதான் பையில் வைத்தேன். உன் தம்பி எனக்குப் போன் எடுத்தான். "குகன் நானா, எங்கட நானா மௌத்தாப் போய்ட்டார்" என்றான். எந்த நானா, எந்த அண்ணன் என்று கேட்டேன். அவன் அழுதான். "எந்த இடத்தில வெடிச்சது?" என்று கேட்டேன்.

"வெடிக்கல்ல நானா. நெஞ்சு வலி. விடியச் சுபஹு தொழுதிட்டு வந்து கதிரைல குந்தினார். அப்பிடியே சாஞ்சிட்டார்."

எனக்கு விளங்கவே இல்லை. நாற்பது வயது தாண்டிக் கொஞ்சக் காலம்தான் ஆன ஒருவன், இந்த யுத்தத்துக்குள், இந்தச் சோதனைச் சாவடிகளுக்குள், பஸ்ஸில் ஏறினால் இறங்குவோமா என்று தெரியாத இந்த நாட்களில், வீட்டுக் கதிரையில் இருந்து செத்துப்போவானா? எல்லாச் சாவுக்கும் பயந்து வைத்திருந்தோம், இதற்கு மட்டும் பயப்பட மறந்துவிட்டோம். கடைக்காரர் என்னைப் பிடித்து ஒரு ஸ்டூலில் இருத்தியது நினைவிருக்கிறது. மீதிக் காசை வாங்கினேனா என்பது நினைவில்லை.

வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தினார்கள். இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, ஏறு. ஒரு சாவடியில் அந்தச் சீடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் நம் ஊர் திகனைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பின்னேர அசர் தொழுகையோடு உன்னை அடக்கிவிட்டார்கள். உங்கள் முறை அது, தாமதிக்கக் கூடாது, எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்தது ஈர மண்ணைத்தான் மச்சான். முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்னமும் மாலையில் ஸ்டூடியோப் படியேறும்போது மேலே நீ மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பாய் என்றே ஏறுகிறேன்.

சரி, நீ கேட்கப்போகும் முதல் கேள்விக்கு வருகிறேன். நம் கம்பியூட்டர் மெஷினை மாற்றிவிட்டேனா?

அதற்காக நாம் போட்ட சண்டையைக் கீழே மருந்துக் கடைக்காரர்கூடக் கேட்டிருப்பார். சவுண்ட் கார்டுக்கு வயதாகிவிட்டது, புது சவுண்ட் கார்டு பழைய சிஸ்டத்தில் ஓடாது, கண்டியில் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள், நாம் மட்டும் ஆதிகாலத்தில் நிற்கிறோம் என்று நான் கத்துவேன். நீ சத்தம் எதிரொலிக்காமல் சுவரில் ஒட்டிய முட்டைத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு ஒரே பதிலைச் சொல்வாய்.

"ஓடுற மெஷின்ல கைய வெக்கப் போவாத மச்சான். நிண்டா வெச்சிக்கோ."

"நிண்ட பிறகு என்னத்தை வைக்கிறது? மலர்வளையமோ?"

"நிண்டாப் பாப்பமே."

காரணம் கேட்டால் சொல்ல மாட்டாய். சோம்பல் என்று நினைத்தேன். புதிதாய்ப் படிக்கப் பயம் என்று நினைத்தேன். கடைசியில் நானே லீவு போட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனேன். போகிறேன் என்று உனக்குச் சொல்லவும் செய்தேன். "போ, போ. சீடிய வாங்கி அலுமாரில வெச்சி அழகு பாரு" என்றாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். அலுமாரியில் வைத்து அழகு பார்ப்பது.

நீ போன பிறகு மெஷின் இன்னும் மோசமாகிவிட்டது. ஹேவாஹெட்டயிலிருந்து ஒரு தோட்டப் பாடசாலை ரீச்சர் பாடகர் குழுவைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்தார். பிள்ளைகள் அருமையாகப் பாடினார்கள். பாட்டு முடிய ஒரு வரி இருக்கும்போது மெஷின் உறைந்துவிட்டது. திரும்பப் பாடினார்கள், திரும்பவும் அதே இடத்தில் உறைந்தது. ரீச்சர் பாவம், கோபப்படக்கூட இல்லை.

"புள்ளைங்களுக்குத் தொண்ட கட்டிப்போச்சுங்க சார். நாங்க வேற எடத்துல பாத்துக்கிறோமுங்க" என்றார்.

வாசலோடு நின்று அவர்கள் படியிறங்கிப் போவதைப் பார்த்தேன். இனிப் பொறுக்க முடியாது என்று முடிவெடுத்தேன். இப்படியே போனால் ஸ்டூடியோவைப் பூட்ட வேண்டியதுதான். நீ இல்லாத வீட்டுக்கு அதிலிருந்து ஏதாவது போக வேண்டும் என்பதும் என் மனதில் இருந்தது. பல்லேகலயிலிருந்து கம்பியூட்டர் திருத்தும் சமனை வரச் சொன்னேன். நீதான் அவனை எனக்கு அறிமுகப்படுத்தியவன், நினைவிருக்கிறதா?

சமன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணே, இதுக்கு மேல புதுசு போட ஏலாது. முழுக்க ஃபோர்மட் பண்ண வேணும். தேவையானதை எடுத்து வைங்க, திங்கக்கிழமை வாறேன்."

"பழைய ரெக்கோர்டிங் எல்லாம் புது சிஸ்டத்தில திறக்குமோ?"

"திறக்காதுண்ணே. நம்மட பழைய புரோகிராம் அதில ஓடாது. பாட்டெல்லாம் துண்டு துண்டாக் கிடக்கும், எது முன்னுக்கு எது பின்னுக்குன்னு பழைய புரோகிராமுக்கு மட்டும்தான் தெரியும். வேணும்னா ஒவ்வொண்ணாப் போட்டு, முழுசா ஓட விட்டு, ஒரே ஃபைலா வெளியே எடுங்க. வேற வழி இல்ல."

முழுதாக ஓட விட்டு எடுப்பதென்றால் பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்க்க ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். திறந்ததும் சிரிப்பு வந்தது. எல்லாம் உன் திருவிளையாடல்.

இதை ஒருநாள் நமக்குப் பின்னால் வருகிறவர்களும் வாசிப்பார்கள் என்பதால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோவைச் சோதனை போட வந்தார்களே, அந்த நாள். அதிகாரி கம்பியூட்டருக்கு முன்னால் அமர்ந்து, தமிழில் பெயர் வைத்த பாட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டார். ஒரு பெயரில் "வேல்" என்று இருந்தது. வேல் என்றால் ஆயுதம்தானே என்றார். நான் தமிழன், நான் என்ன சொன்னாலும் பிழைதான். நீ முன்னால் போய்ச் சிங்களத்தில், "அது கதிர்காமத் தெய்வத்தின் கையில் இருக்கிற வேல், சேர்" என்றாய். அந்த மனிதரின் முகம் மாறிவிட்டது. பாட்டைப் போடச் சொன்னார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். முருகன் பாட்டுக்கு ஒரு முஸ்லிம் விளக்கம் சொல்ல, ஒரு சிங்களவர் பக்தியோடு கேட்க, சைவக்காரன் நான் மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றேன். அவர்கள் போன பிறகு நீ ஒரு கூஜாத் தண்ணீரையும் குடித்து முடித்தாய்.

"பேர் வெக்கிற வேல இனி என்ட" என்றாய். அடுத்த நாளே பக்திப் பாட்டுக்கெல்லாம் "வெடிங்" என்று பெயர் வந்தது. தேவாலயப் பாட்டுக்கெல்லாம் "பார்ட்டி". பாதிரியார் ஒருவர் தன் பாட்டு எங்கே என்று கேட்டபோது நீ "பார்ட்டி நாலு" என்று சொல்லி, அவர் முழித்ததை மறக்க முடியுமா?

இந்தக் குறியெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் "பைலா" என்று ஒரு வரிசை இருந்தது. அதை நான் பைலா என்றே நினைத்தேன். கலியாண வீட்டில் ஆடுவதற்கு அடிக்கிற அந்தச் சத்தத்தில் எனக்கு எவ்வளவு வெறுப்பு என்று உனக்குத் தெரியும். குண்டசாலை பேண்ட்காரர்களுக்கு நீ எப்போதோ செய்து கொடுத்த வாத்தியப் பின்னணியாக இருக்கும் என்று எண்ணினேன். "பைலாவை விடு, மற்றதை எடுப்போம்" என்று சமனிடம் சொல்லியும் விட்டேன்.

உன் மனைவி ஃபஸ்மினா மட்டும் அன்று போன் எடுத்திராவிட்டால், அந்தத் திங்கட்கிழமை எல்லாம் அழிந்திருக்கும்.

ஃபஸ்மினா இன்னும் இத்தாவில், கணவனை இழந்தவளின் துக்கத் தனிமையில், இருக்கிறாள். வீட்டுக்குப் போனாலும் பார்க்க முடியாது, அதனால் போனில்தான் பேசுகிறோம். ஸ்டூடியோவில் கிடக்கும் பிளாஸ்கைத் தம்பியிடம் கொடுத்தனுப்பச் சொல்லி எனக்குப் போன் எடுத்தாள்.

"எந்த பிளாஸ்க் தங்கச்சி?"

"நீல மூடி போட்டது, அண்ணா. வெள்ளிக்கெழம காலைல தேத்தண்ணி ஊத்திக் குடுப்பேனே."

"நிஸ்தார் வெள்ளிக்கிழமை காலமையில தேத்தண்ணி கொண்டு போறவனோ?"

"அவருக்கில்ல. அங்க ஒரு அம்மா பாட வாறாங்க, சீனி இல்லாமக் குடிக்கிறாங்கண்டு செல்லுவார். ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி வந்திட்டுப் போயிருவாங்களாம். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், வேலை முடிந்து மாலையில்தான் ஸ்டூடியோவுக்கு வருகிறவன். வெள்ளிக் காலையில் பாடுகிற எந்த அம்மாவும் நம் புத்தகத்தில் இல்லை. போனை வைத்துவிட்டுக் கம்பியூட்டரைப் பார்த்தேன். பைலா ஃபைல்களின் தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை. எந்த பேண்ட்காரன் வெள்ளிக் காலையில் பைலா அடிப்பான்?

முதலாவதைப் போட்டேன். கதிரை இழுபடும் சத்தம். பிறகு உன் குரல். "அம்மா, மைக்குக்கு இன்னுங் கொஞ்சம் கிட்ட வாங்க."

பிறகு என் அம்மாவின் குரல்.

"இப்பிடிச் சரியோ தம்பி? அவனுக்குக் கேக்குமோ?"

"கேக்கும், அம்மா. பேசுங்க."

மச்சான், உடனே நிறுத்தினேன். எழுந்துபோய்க் கதவைப் பூட்டினேன். எதற்குப் பூட்டினேன் என்று தெரியாது. திரும்ப வந்து போட்டேன்.

"ரமணன், அம்மா கதைக்கிறன் ராசா. இஞ்சை சரியான மழை. உன்ர நீலச் சேர்ட்டைக் கொண்ணன் குகன் எடுத்துப் போடுறான், கோவியாதை. கதவுத் திறப்பை அதே இடத்திலதான் வைக்கிறம், தண்ணித் தொட்டிக்குப் பின்னால. பூனை குட்டி போட்டிட்டுது."

இங்கேயும் வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். ரமணன் என் தம்பி. கொழும்பில் வேலைக்குப் போனவன். தங்கியிருந்த லொட்ஜிலிருந்து ஒருநாள் சாமான் வாங்க வெளியே போனான், திரும்பி வரவில்லை. யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. தேடாத இடமில்லை, போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. பிறகு ஒரு கட்டத்தில் வீட்டில் அவன் பெயர் நின்றுவிட்டது. அம்மா சொல்வதில்லை. அம்மா சொல்லாததால் நானும் சொல்வதில்லை. அம்மா மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார், அதைக் கிளறக்கூடாது என்று இருந்தேன். அவன் பெயரை இதில் எழுதலாமா என்று யோசித்தேன். அம்மாதான் எழுதச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விபூதியோடுதான் திரும்பி வருவார். கோயிலுக்கும் போய்விட்டு, அங்கிருந்து நம் ஸ்டூடியோவுக்கும் ஏறியிருக்கிறார்! அந்த செங்குத்துப் படியை, அந்த முழங்காலோடு! இதை நீயும் அம்மாவும் எப்படித் தொடங்கினீர்கள்? யார் யாரிடம் கேட்டது? நீ கூப்பிட்டாயா, அவர் வந்து நின்றாரா? அம்மாவிடம் கேட்டால் "அது சும்மா" என்கிறார். உன்னிடம் கேட்க வழியில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட்டேன். சமன் சொன்ன துண்டுகள் ஏன் என்று அப்போது விளங்கியது. அம்மா அழத் தொடங்கும் இடத்திலெல்லாம் நீ நிறுத்தியிருக்கிறாய். அழுது முடிந்ததும் திரும்பத் தொடங்கியிருக்கிறாய். அதனால் ஒவ்வொரு பைலாவும் சின்னச் சின்னத் துண்டுகள். ஒன்றில்கூட அழுகை இல்லை. ஊர்ப் புதினம், என்னைப் பற்றிய முறைப்பாடு, யாரோ வீட்டுக் கலியாணம், வடக்குக்குப் போகிற ரோட்டைப் பூட்டியது, எல்லாம் மகன் பக்கத்து அறையில் இருப்பது போல.

ஒன்றில் அம்மா சொல்கிறார்: "கொண்ணனுக்கு இதைச் சொல்லேல்லை. அவன் நீ இல்லையெண்டு முடிவெடுத்திட்டான். பாவம், அவனைக் குழப்பக்கூடாது. நிஸ்தார் தம்பியிட்டையும் சொல்லக்கூடாதெண்டு சொல்லிப்போட்டன்."

நான் அம்மாவைக் குழப்பக்கூடாது என்று வாய்மூடி இருந்தேன். அம்மா என்னைக் குழப்பக்கூடாது என்று வாய்மூடி இருந்தார். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு! நடுவில் நீ மட்டும் இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டு, என்னோடு மெஷினுக்காகச் சண்டையும் பிடித்துக்கொண்டு, எப்படியடா தாங்கினாய்? வாய்தவறிக்கூட ஒரு சொல் வரவில்லையே உனக்கு. முட்டைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதெல்லாம் இதற்குத்தானா?

கடைசி ஃபைல் நீ போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. அம்மா பேசி முடிந்து, தேத்தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. பிறகு நீ மைக்குக்குக் கிட்ட வருகிறாய்.

"தம்பி ரமணன், நான் நிஸ்தார் நானா பேசுறேன். ஒங்கட அண்ணன் கம்பியூட்டர மாத்தணும்டு ஒத்தக் கால்ல நிக்கிறார். மாத்தினா அம்மா பேசினது ஒண்டும் தொறக்காது. நான் ஏலாதுண்டு செல்லிட்டேன். நீங்க வந்து எல்லாத்தையும் கேளுங்க. அதுக்குப் பொறகு மாத்துவோம்."

பின்னால் அம்மா சிரிக்கிறார். என் அம்மா அப்படிச் சிரித்து நான் எத்தனையோ காலம் கேட்கவில்லை.

உன் முகத்தைத்தான் பார்க்காமல் போனேன். உன் குரல் இப்படி என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து என்னையே கோள் சொல்லும் என்று நினைக்கவில்லை. திட்டினேன். சத்தமாகத் திட்டினேன் உன்னை. அறையில் யாரும் இல்லை.

சமனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதோடு பிரச்சினை தீரவில்லை. மெஷின் சாகக் கிடக்கிறது. மாற்றினால் அம்மாவின் குரல் திறக்காது. மாற்றாவிட்டால் ஒருநாள் மெஷினே நின்று, அதோடு எல்லாம் போகும். ஒவ்வொன்றாக ஓட விட்டு வெளியே எடுக்கத்தான் வேண்டும், அதற்கிடையில் அது உறைந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். வீட்டில் கச்சேரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே ஸ்டூடியோவுக்குப் போய் வேலையைத் தொடங்கினேன். பொய் சொல்வதில் எங்கள் குடும்பத்தை அடிக்க ஆளில்லை.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. ஒரு படி, நிற்பு. ஒரு படி, நிற்பு. எனக்கு அந்த முழங்காலைத் தெரியும்.

அம்மா வாசலில் நின்றார். நெற்றியில் விபூதி. நான்தான் திடுக்கிட்டு எழுந்தேன். அவர் திடுக்கிடவில்லை.

"நீயே திறந்து வைச்சிருக்கிறாய்? நான் ஒவ்வொரு கிழமையும் வந்து படியில இருந்திட்டுப் போனனான்" என்றார்.

நீ போன பிறகும், பூட்டிய கதவுக்கு முன்னால், ஒவ்வொரு வெள்ளியும் வந்து இருந்திருக்கிறார்.

"மெஷினை மாத்திப்போட்டியோ?"

"இல்லை அம்மா."

"அதில இருக்கிறதைக் கேட்டனியோ?"

"ஓம்."

அவர் உள்ளே வந்து, கதிரையைத் தானே இழுத்து, மைக்குக்கு முன்னால் இருந்தார். எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மிடம் வருகிற பாடகர்களுக்கே அது தெரியாது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அமத்து."

நான் ஹெட்போனை மாட்டி, ரெக்கோர்ட் பட்டனை அமத்தினேன். உன் கதிரையில் இருந்துதான். மெஷின் உறையக்கூடாது, இப்போது மட்டும் உறையக்கூடாது என்று நேர்ந்துகொண்டேன்.

"ரமணன், அம்மா கதைக்கிறன். கன நாள் கதைக்கேல்லை, கதவு பூட்டு. ஒரு துக்கச் செய்தி ராசா. நிஸ்தார் தம்பி மோசம் போயிட்டார்."

மச்சான், அந்த நிமிடம்தான் நீ செத்தாய். உன் தம்பி போனில் சொன்னபோது சாகவில்லை, ஈர மண்ணைப் பார்த்தபோதும் சாகவில்லை. ஹெட்போனுக்குள் அம்மாவின் குரலில், என் இரண்டு காதுக்கும் நடுவில் கேட்டபோது, நீ இனி வர மாட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் அழத் தொடங்கினேன். நீயென்றால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய். நான் நிறுத்தவில்லை, என் அழுகை அந்த ஃபைலில் கிடக்கிறது.

அம்மா நான் அழுவதைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"நல்ல பிள்ளை. கடைசி வரைக்கும் உன்னை மறக்கேல்லை. அங்கை வந்திருப்பார். கண்டனியெண்டால் கதை ராசா. அவருக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது."

அங்கை என்றார். அங்கை வந்திருப்பார் என்றார்.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இத்தனை காலமும் தெரிந்துதானா பேசினார்? அல்லது நீ போனதால்தான், உன்னை அங்கே தனியாக விட மனமில்லாமல், தம்பியையும் அங்கே அனுப்பி வைத்தாரா? தம்பி இல்லை என்று முடிவெடுத்தவன் நான். வீட்டில் தெளிவான ஆள் நான். ஆனால் அம்மா அதைச் சொன்னதும், இல்லை அம்மா, அப்படிச் சொல்லாதே, அவன் வருவான் என்று கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. மைக் திறந்திருந்ததால் கத்தவில்லை.

அம்மா பேசி முடித்துவிட்டுத் தேத்தண்ணீர் கேட்டார். உன் பிளாஸ்க் அங்கேதான் இருந்தது. வெறுமையாக இருந்தது. கீழே போய் வாங்கி வந்தேன், சீனி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அதையே குடித்தார்.

இப்போது உள்ள நிலவரம் இது. சமன் எனக்கு வேறொரு பழைய கம்பியூட்டர் தேடித் தந்தான். புது சிஸ்டத்தை அதில் போட்டாயிற்று, ஹேவாஹெட்டப் பிள்ளைகள் திரும்ப வந்து பாடிவிட்டுப் போனார்கள். ரீச்சர் உன்னை விசாரித்தார், சொன்னேன், இப்போது என்னால் சொல்ல முடிகிறது. பிளாஸ்கை உன் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அது தேத்தண்ணீரோடு திரும்பி வந்துவிட்டது. ஃபஸ்மினாவிடம் கேட்டேன். "அம்மா வாறாங்கதானே அண்ணா?" என்றாள். உன் பழைய மெஷின் அதே மூலையில், அதே துணியால் மூடி இருக்கிறது. வெள்ளிக் காலையில் மட்டும் திறக்கிறேன், கந்தோரில் கேட்டால் கோயில் என்கிறேன். பைலாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டும் இருக்கிறேன், ஆனால் அந்த மெஷினை அழிக்கவில்லை. பெயரையும் மாற்றவில்லை. நாடு இருக்கிற இருப்பில் பைலாவே நல்லது.

அம்மா அவனை அங்கே அனுப்பிவிட்டார். அனுப்பட்டும், பெற்றவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் உன் மெஷின் என் பொறுப்பில் இருக்கிறது. நீ அவனுக்குக் கொடுத்த வாக்கை நான் கேட்டேன், அது இப்போது என் வாக்கு. தம்பி வந்து எல்லாவற்றையும் கேட்கட்டும். அதற்குப் பிறகு மாற்றுவோம். அதுவரை கை வைக்க மாட்டேன் மச்சான்.

சண்டையில் தோற்றுப்போன உன் மச்சான்,
ரமணனின் அண்ணன்,
குகன்